வைப்பர் டேங்கில் ஷூ கிளீனர்

அன்று என் மூன்று வயது மகள் தூங்கினாளா, மயங்கினாளா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

என் கணவர் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். ஷூவில் ஒட்டிய பசையைத் துடைக்கும் கிளீனரைக் கொண்டுவந்து, காரின் வைப்பர் தண்ணீர் டேங்கில் ஊற்றினார்.

“கண்ணாடிக்குன்னு தனியா வாங்கணுமா? இதுல பிசுக்கே நிக்காது.”

எனக்கு உறுத்தியது, ஆனாலும் தடுக்கவில்லை.

மறுநாள் வேலூருக்குக் கிளம்பினோம். மாதனூர் தாண்டியதும் ஒரு லாரி சேற்றை வாரியடிக்க, அவர் கண்ணாடியில் மூன்று முறை பீய்ச்சினார். ஜன்னல்கள் மூடியிருந்தன, ஏசி வெளிக்காற்றை உள்ளே இழுத்து ஓடியது. கிளீனர் வாடை உள்ளே நிறைந்து எனக்குத் தலை சுற்றியது. பின்சீட்டில் பாடிக்கொண்டிருந்த மகளின் சத்தம் நின்றது. திரும்பினேன். தலை தொங்கிக் கிடந்தது. கன்னத்தைத் தட்டியும் கண் திறக்கவில்லை.

“வண்டிய நிறுத்துங்க!”

“தூங்குறா. இன்னாத்துக்கு பேஜார் பண்ற?” என்றபடியே ஓரம் கட்டினார்.

வெளியே தூக்கிவந்து முகத்தில் தண்ணீர் தெளித்தேன். வெகுநேரம் கழித்துத்தான் அழுதாள். “அழட்டும், நல்லா அழட்டும்” என்றார் அவர், அவள் முதுகைத் தடவியபடி. வேலூரில் டாக்டர் பார்த்துவிட்டு, பயமில்லை என்றார்.

இப்போது கடையில் விற்கும் கண்ணாடித் திரவத்தை மட்டும், லேபிளைப் படித்து, நானே ஊற்றுகிறேன். டேங்கை நான்கு முறை கழுவியும் வெயிலில் அந்த வாடை எனக்கு வருகிறது, அவருக்கு வரவில்லையாம். டேங்கையும் குழாயையும் மாற்றிவிட வேண்டுமா? தெரிந்தவர்கள் எழுதுங்கள். அதுவரை மகளை அந்தக் காரில் ஏற்ற மாட்டேன்.