நீல அறைச் சீமாட்டி

பார்க்டேலில் வசிக்கும் ஜெசிந்தாவுக்கு, அயர்லாந்திலிருந்து கடல் கடந்து வந்த பிரபு ஒருவர் அந்தக் காலத்தில் ஏரிக்கரையில் கட்டிய மாளிகையைச் சுற்றிக் காட்டும் வேலை. விருந்து மண்டபம், குதிரை லாயம், ஆப்பிள் தோட்டம் என்று ஆசை ஆசையாகக் காட்டுவாள். வருகிறவர்களோ கடைசியில் ஒன்றைத்தான் கேட்பார்கள்: "இங்கே பேய் இல்லையா?"

இல்லையென்று சொல்லிச் சலித்துப்போய், ஒருநாள் தானே ஒரு பேயை உண்டாக்கினாள். பிரபுவின் மனைவி தொலைந்த சீப்பைத் தேடி மேல்மாடி நீல அறையில் நடக்கிறாளாம். கூட்டம் வாயைப் பிளந்தது. அன்றிலிருந்து அந்த அறையில்தான் நெரிசல்.

போன மாதம் அந்தக் குடும்பத்துக் கிழவர் ஒருவர் டப்ளினிலிருந்து வந்தார். கதையைக் கேட்டுத் தலையாட்டினார்.

"என் அத்தை இங்கேதான் வளர்ந்தார். அவர் அந்தச் சீமாட்டியை நேரிலேயே பார்த்திருக்கிறார். ஆனால் தேடுவது சீப்பில்லை, மூக்குக்கண்ணாடி."

இப்போதெல்லாம் ஜெசிந்தா நீல அறையைப் பூட்டப் போனால் முதலில் கதவைத் தட்டுகிறாள்.

"வெறும் அறைக்கு ஏன் அக்கா தட்டுறியள்?" என்று கூட வேலை செய்யும் மயூரி சிரித்தாள்.

"சிரிக்காதை. மனுசிக்குக் கண்ணும் தெரியாது. திடீரெண்டு உள்ளுக்கை போனா, பாவம், பயந்துபோகும்" என்றாள் ஜெசிந்தா.