'பழசு' என்று பெயர் வைத்த ஃபைல்

தொண்ணூறுகளின் கடைசியில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் இருந்த சின்ன கம்பெனியில் வேலை செய்தேன். பிறருடைய இணையப் பக்கங்களை எங்கள் சர்வரில் வைத்துப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அந்தப் பெட்டிக்குள் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

கிள்ளானில் திருமணத் தகவல் நிலையம் நடத்திய ஓர் அக்காவின் பக்கமும் எங்களிடம் இருந்தது. வரன்களின் படிப்பு, நட்சத்திரம், வேலை எல்லாம் வெளியே தெரியும். 'குறிப்பு' என்ற கட்டம் அக்காவின் கண்ணுக்கு மட்டும். ஷா ஆலமில் கிராணியாக எழுத்தர் வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு முன்பு பதிவுத் திருமணம் ஆகி, கோயிலில் தாலி ஏறும் முன்பே முறிந்திருந்தது. எங்கள் ஊரில் முதலில் ரெஜிஸ்டர், மாதங்கள் கழித்துத்தான் தாலி. நடுவில் முறிந்தால் காகிதத்தில் அவள் விவாகரத்தானவள். அது அந்தக் கட்டத்தில் இருந்தது. சம்பந்தம் கூடி வரும்போது தானே வாயால் சொல்லிக்கொள்வதாக அந்தப் பெண் அக்காவிடம் சொல்லியிருந்தார்.

ஒருநாள் காலை மின்னஞ்சலில் ஓர் எச்சரிக்கை வந்தது. சர்வரோடு வந்த தேடல் புரோகிராமில் ஓட்டை இருக்கிறதாம். முகவரியில் நாலு எழுத்தைக் கூட்டித் தட்டினால் உள்ளே இருக்கும் எந்த ஃபைலையும் யாரும் படித்துவிடலாம். மத்தியானச் சாப்பாட்டுக்குள் திருத்திய புரோகிராமைப் போட்டு, பல விதமாகத் தட்டிப் பார்த்தேன். ஒன்றும் திறக்கவில்லை. அக்காவுக்குப் போன் போட்டு, இனி யாரும் படிக்க முடியாது என்று பெருமையாகச் சொன்னேன்.

புதியது கோளாறு செய்தால் உதவும் என்று பழைய புரோகிராமையும் அதே இடத்தில் வைத்திருந்தேன். அதற்கு இங்கிலீஷ் எழுத்தில் 'பழசு' என்று பெயர் கொடுத்தேன். எந்த வெள்ளைக்காரன் இதை ஊகிக்கப் போகிறான் என்று எனக்குள் சிரிப்பு வேறு. அங்கே இருக்கும் ஃபைல்களின் பட்டியலை வெளியிலிருந்தே பார்க்கலாம், அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பழைய புரோகிராம் பழையபடியே வேலை செய்யும் என்பதெல்லாம் என் மண்டையில் ஏறவில்லை.

மூன்று வாரம் கழித்து, அந்தப் பெண்ணைப் பெண் பார்க்க வந்தவர்கள் அந்தக் குறிப்பை அச்சடித்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தார்கள். மாப்பிள்ளையின் அண்ணனுக்குக் கணினி தெரியும். தெரியும் என்பதற்காக ஒரு பெண்ணின் விஷயத்தை இப்படித் துருவலாமா என்று எனக்கு இன்னமும் ஆத்திரம் வருகிறது. ஆனால் வழியைத் திறந்து வைத்தவன் நான்.

மறுநாள் அக்காவும் அந்தப் பெண்ணும் ரயிலேறி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். அக்கா வாய் ஓயாமல் என்னைத் திட்டினார். அந்தப் பெண் திட்டவில்லை. ஓட்டை எங்கே இருந்தது என்று காட்டச் சொன்னார். மறைக்க மனம் வரவில்லை. திரையில் அந்தப் பெயரைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன்.

"தேத்தண்ணி குடுத்துட்டு, உக்காந்து நானே சொல்லலாம்னு இருந்தேன் அண்ணே. தட்ட கீழ வைக்கறதுக்குள்ள அவங்க பேப்பர வச்சிட்டாங்க."

மன்னிப்பு கேட்டேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழசுன்னு நீங்களே பேர் வச்சிருக்கீங்க. அப்புறம் ஏன் அண்ணே அத வச்சிருந்தீங்க?"

அவர் கண் முன்னாலேயே அதை அழித்தேன். ஒரே ஒரு வரிதான் தட்ட வேண்டியிருந்தது.