ஏறுது, ஏறுது

கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில் ரிப்பேரைவிடக் கஷ்டமான வேலை கருத்துச் சொல்வது. பழைய விண்டோஸுக்கு இனிமேல் பாதுகாப்பு இல்லை, புதியதை ஏற்றிக்கொள்ளுங்கள் என்ற அறிவிப்பு உங்கள் திரையிலும் வந்து பிராணனை வாங்கியிருக்கும். திருவண்ணாமலையில் அது யார் திரையில் வந்தாலும் போன் எனக்குத்தான் வரும்.

யார் தலையில்?

செங்கம் ரோட்டில் தங்கும் விடுதி நடத்தும் ஒருவர், ஏத்தலாமா வேணாமா என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பார். ஏற்றாவிட்டால் வைரஸ் பயம், ஏற்றினால் உங்கள் பழைய பிரிண்டர் ஓடுமோ ஓடாதோ, முடிவு உங்களுடையது என்றேன். அவர் நிதானமாக யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஏத்தி கெட்டுப்போனா நீ சொன்னதாலம்பேன். ஏத்தாம கெட்டுப்போனா நீ சொல்லாததாலம்பேன். பார்த்து சொல்லுமா."

ஏத்தவே கூடாது

அடுத்துக் கேட்டவர் கலைச்செல்வி அக்கா. கீழ்பென்னாத்தூரில் ரத்தப் பரிசோதனை லேப் வைத்திருக்கிறார். ரத்த அணுக்களை எண்ணும் அவருடைய மெஷின் பழசு. அதை ஓட்டும் சாப்ட்வேர் அதைவிடப் பழசு. அங்கே நான் வழவழா கொழகொழா என்று பேசவில்லை. புதுசு ஏறினால் மெஷின் ஊமையாகிவிடும், ஊரெல்லாம் டெங்கு காய்ச்சலாக இருக்கிற நேரத்தில் விஷப்பரீட்சை வேண்டாம் என்றேன். "நீ சொல்லிட்டல்ல சுதா, நான் அந்தப் பக்கமே போவ மாட்டேன்" என்றார்.

ஆயுத பூஜை

அக்கா போகவில்லை, அவர் கையிலிருந்த துணி போய்விட்டது. பூஜைக்காகக் கம்ப்யூட்டரை அணைக்காமலே கீபோர்டை அழுத்தித் துடைத்திருக்கிறார். அறிவிப்பு வந்த நேரத்தில் துணி எதை அழுத்தியதோ, கம்ப்யூட்டர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது. அது தெரியாமல் திரையில் சாமி படம் வைத்து, கீபோர்டுக்குச் சந்தனம் குங்குமம் இட்டு, சூடமும் காட்டியாயிற்று. அப்புறம்தான், சற்று நேரத்தில் தானாக ஏறத் தொடங்கும் என்று ஓரத்தில் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார்.

'பிறகு' என்று ஒரு பட்டன் இருக்கும், அதை மட்டும் அழுத்துங்கள் என்று கத்தினேன். பூஜையில் வைத்ததை விஜயதசமி காலைக்கு முன் தொடக் கூடாதாம். கெஞ்சினேன், திட்டவும் திட்டினேன். அக்காவுக்கும் பயம்தான். ஆனால் கையை நீட்ட மனசு வரவில்லை. "பூஜையில இருக்கறத கலைக்கச் சொல்றியா? ஏறாது சுதா, அண்ணாமலையார் பார்த்துக்குவாரு."

விஜயதசமி

ஏறியிருந்தது. முதல் பஸ்ஸைப் பிடித்து நான் போனபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, கம்ப்யூட்டர்தான் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பெஞ்சில் ஆட்டோ ஓட்டும் ஏழுமலை உட்கார்ந்திருந்தார். அவர் மகள் டெங்குவோடு பக்கத்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். பிளேட்லெட் என்கிற தட்டணுக்கள் இன்றும் இறங்கினால் வேலூருக்குக் கொண்டுபோக வேண்டும், ஏறினால் இங்கேயே பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். விடுமுறை என்பதால் வேறு லேப் திறக்கவில்லை. அவளுடைய ரத்தம் டியூபில் தயாராக இருந்தது.

பழைய விண்டோஸுக்கே திரும்பிப்போக ஒரு வழி உண்டு. நடுவில் கரண்ட் போனால் அதுவும் போச்சு. பயந்துகொண்டே அழுத்தினேன். திரையில் சதவீதம் மெல்ல ஏறியது, நின்றது, மறுபடி ஏறியது. திரும்பிப் பார்த்தால், ஏழுமலை அந்த எண்ணைப் பார்த்துக் கும்பிட்டபடி மனைவியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார்: "ஏறுதுமே, என் கண்ணெதிர்லயே ஏறுது. பாப்பாவுக்கு ஏறிகினே இருக்குது."

ரிப்போர்ட்

அது கம்ப்யூட்டரின் கணக்கு, உங்கள் மகளுடையது இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் ஆஸ்பத்திரிக்கு ஓடிவிட்டார். பழைய திரை வந்ததும் அக்கா டியூபை மெஷினில் வைத்தார். நிஜமான எண் இறங்கியிருந்தால் அந்த மனிதரிடம் எந்த முகத்தோடு சொல்வது?

ஏறியிருந்தது. கொஞ்சம்தான், ஆனால் ஏறியிருந்தது. அக்கா அழுதுகொண்டே ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார், பின்னாலேயே நானும். ஏழுமலை அதை வாங்கக்கூடக் கை நீட்டவில்லை. "எதுக்கும்மா இம்மாம் அவசரம்? நான்தான் அப்பவே பார்த்துட்டேனே."

இப்போதெல்லாம் ஏத்தலாமா வேணாமா என்று யார் கேட்டாலும், கம்ப்யூட்டரைப் பார்ப்பதற்கு முன்னால் ஆயுத பூஜை என்றைக்கு என்று காலண்டரைப் பார்த்துவிடுகிறேன்.