பெருமுக்கல்லில் தள்ளிப்போன புள்ளி

காலை 6.40. விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கியபோது டீ குடிக்கக்கூட மனம் வரவில்லை. எண்ணெய், எரிவாயு தேடும் கம்பெனியில் எனக்கு வேலை. சர்வே, துளையிடல், நில எடுப்பு என மூன்று பிரிவுகளும் தனித்தனிக் கம்ப்யூட்டர்களில் வைத்திருந்த தகவல்களைப் போன வாரம்தான் ஒன்றாக இணைத்து முடித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். நேற்று மாலை மறுபடி பார்த்தபோதுதான் என் தப்பு தெரிந்தது. பழைய வரைபட முறையில் குறித்திருந்த ஓர் இடத்தைப் புதிய முறைக்கு மாற்றாமல் அப்படியே ஏற்றியிருக்கிறேன். சோதனைக் கிணற்றுக்கான புள்ளி இருநூறு மீட்டர் கிழக்கே தள்ளி, யாருடைய நிலத்திலோ போய் விழுந்திருந்தது. இன்று பத்து மணிக்கு அங்கே ஜேசிபி வரும். போனில் கெஞ்சினேன். காண்டிராக்டரின் சூப்பர்வைசர் அசையவில்லை. “சர்வேக்காரங்க கையெழுத்துப் போட்ட பேப்பரைக் காட்டுங்க சார், நிறுத்துறேன்” என்றார்.

அந்தப் பேப்பர் விழுப்புரம் அலுவலக பீரோவில் இருந்தது. எடுத்துக்கொண்டு 8.05க்குத் திண்டிவனம் பஸ்ஸில் ஏறினேன். முப்பத்தெட்டு கிலோமீட்டர், டிக்கெட் நாற்பது ரூபாய். விக்கிரவாண்டி டோல்கேட்டில் நின்ற ஐந்து நிமிடத்தில் இரண்டு முறை எழுந்து பார்த்தேன்.

“இன்னா சார், எழுந்து எழுந்து குந்துறீங்க? வண்டி போய்க்கினுதானே இருக்குது” என்றார் கண்டக்டர்.

“பத்துக்குள்ள பெருமுக்கல் போவணும்ங்க.”

“அப்ப திண்டிவனத்துல ஜல்தியா எறங்கி, மரக்காணம் ரோட்டுல ஆட்டோ புடிங்க.”

ஆட்டோவுக்கு முந்நூறு ரூபாய். 9.40க்குப் போய்ச் சேர்ந்தேன். ஜேசிபி எனக்கு முன்பே வந்து, வேர்க்கடலை போட்டிருந்த மல்லாட்டைக் கொல்லையில் கால் பங்கைப் புரட்டிப் போட்டிருந்தது. நிலத்துக்காரர் ஆரோக்கியமேரி வண்டிக்கு எதிரே கையை விரித்து நின்றுகொண்டிருந்தார்.

“சர்வேக்காரங்க கல்லு அதோ, மேக்கால கொல்லையில நட்டுட்டுப் போனாங்க. இங்க வந்து என் பயிரைப் புடுங்கிக்கினு நிக்கிறியே!”

சிவப்புப் பெயின்ட் அடித்த அந்தக் கல் வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. சூப்பர்வைசர் டேப்லெட்டை நீட்டி, “இதுல இங்கதாம்மா காட்டுது” என்றார். நான் பேப்பரைக் கொடுத்த பிறகுதான் எஞ்சின் அடங்கியது.

“யாரு பண்ண வேலை இது?” என்றார் ஆரோக்கியமேரி.

“நான்தாம்மா.” மூன்று கம்ப்யூட்டர், இணைப்பு என்று ஏதோ விளக்கினேன்.

“மூணையும் சேத்தேன்றீங்க. அதுல ஒண்ணுலயாவது என் போன் நம்பர் இருக்குதாங்க? ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே கல்லைக் காட்டியிருப்பேனே.”

எண்ணைச் சொன்னார். பேப்பரின் ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.

12.15. திண்டிவனத்தில் சென்னைக்குத் திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்ததும் லேப்டாப்பைத் திறந்தேன். பூமிக்கடியில் கிடக்கும் ஒவ்வொரு பாறைக்கும் நான் இணைத்த பட்டியலில் ஒரு கட்டம் இருந்தது. இறக்கப்போகும் ஒவ்வொரு குழாய்க்கும் இருந்தது. நிலத்துக்கு மேலே நிற்கிறவரைக் கூப்பிட ஒரு கட்டம் இல்லை. புதிதாக ஒன்று சேர்த்து, ஆரோக்கியமேரியின் எண்ணை ஏற்றினேன். அதற்குக் கீழே மற்ற ஊர்களின் கட்டங்கள். விரலால் தள்ளத் தள்ள, காலியாகவே வந்துகொண்டிருந்தன.