அக்கா கொடுத்த சிறுநீரகம்

தெருவில் எல்லாருக்கும் அவள் கண்ணாடிக்கடை அக்கா. கணவன் இறந்தபின் கடையைத் தன் தலையில் போட்டுக்கொண்டவள். ஜன்னலுக்கு, அலமாரிக்கு, மேசைக்கு என்று வருகிறவர்களிடம் அளவு கேட்பது அவள், வெட்டிக் கொடுப்பது தம்பி. அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். தம்பியின் இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுப்போய் அவன் டயாலிசிஸில் கிடந்தபோது, "என்னோடதுல ஒண்ண எடுத்துக்கோங்க டாக்டர். எனக்கு எதுக்கு ரெண்டு? ஒண்ணு சும்மா உக்காந்து சாப்பிடுது" என்று சொன்னதும் அதே வாய்தான்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. தம்பி தேறி வந்து மறுபடி கடையில் நின்றான். சில வருஷம் எந்தக் குறையும் இல்லை. அப்புறம் ஒருநாள் அவன் கால் வீங்கியது, முகம் ஊதியது. பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர், "இந்தக் கிட்னியை உடம்பு ஏத்துக்கலம்மா. சில பேருக்கு இப்படி ஆயிடும்" என்றார். தம்பி திரும்பவும் பழைய டயாலிசிஸ் கட்டிலுக்கே போனான்.

டாக்டர் சொன்னது அக்காவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. கடையிலிருந்து போன கண்ணாடியில் சின்னப் புள்ளி இருந்தாலும் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு கொடுப்பவள் அவள். சொந்தத் தம்பிக்குப் போய்ச் சொத்தைப் பொருளைக் கொடுத்துவிட்டோமே என்று மருகினாள். வேறு கொடுக்கவும் வழியில்லை.

வாரத்தில் மூன்று நாள் கடையை மூடிவிட்டு அவனோடு போனாள். காய்களை வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, உப்பில்லாமல் சமைத்தாள். அவனுக்குத் தண்ணீர் அளவுதான். நாக்கு வறண்டால் ஒரு ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொள்வான். அவன் கண்ணெதிரே தண்ணீர் குடிக்க அவளுக்கு மனம் வராது. மாடிப்படிக்குப் பின்னால் போய்த் திருட்டுத்தனமாகக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வருவாள்.

டெக்னீஷியன் அவன் கையில் இரண்டு தடித்த ஊசிகளை ஏற்றும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். குழாயில் ரத்தம் ஓட ஆரம்பித்ததும், "என்னாலதான்டா உனக்கு இந்தப் பாடு. மன்னிச்சிருடா" என்பாள். தம்பி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வான். கோபம் போலிருக்கிறது, இருக்கட்டும், நியாயம்தானே என்று நினைத்துக்கொள்வாள்.

அடுத்த கட்டிலில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அவர் மனைவியின் சிறுநீரகம் அவருக்குப் பொருந்தும் என்று சொல்லியிருந்தார்கள். அந்தப் பெண் ஒருநாள் தயங்கித் தயங்கி அக்காவிடம் வந்தாள்.

"தப்பா நினைக்காதீங்கக்கா. குடுத்தப்புறம் உங்க உடம்பு எப்படி இருக்கு?"

"எனக்கென்ன, கல்லுக்குண்டாட்டம் இருக்கேன். ஆனா குடுத்தும் என்ன பிரயோஜனம், சொல்லு? நிக்கலையே! அவன் இதோ இங்கதான் கிடக்கான். எதுக்கும் நல்லா யோசிச்சுக்கோம்மா."

அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. வாத்தியார் தூங்குகிற மாதிரி கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

"அக்கா, நிறுத்து" என்றான் தம்பி. "அவங்களை ஏன் பயமுறுத்தற? உன் கிட்னி மேல ஒரு தப்பும் இல்ல. மாத்திரையை நான்தான் விட்டுட்டேன்."

"எந்த மாத்திரையைடா?"

"கிட்னியை உடம்பு தள்ளாம இருக்கக் குடுத்தாங்களே, அது. சாப்பிட்டா கை நடுங்கிச்சு. வெட்டறப்ப கண்ணாடி மேல கோடு நேரா வரல. அதான் வேலை நாள்ல காலைல சாப்பிடாம விட்டேன். டாக்டர் கேட்டப்ப ஒழுங்கா சாப்பிடறேன்னு சொல்லிட்டேன்."

ஊசி ஏறிய கையை அசைக்க முடியாமல் அவன் அப்படியே கிடந்தான். இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்த டெக்னீஷியன், "நடுங்குதுன்னு சொல்லியிருந்தா டாக்டரே அளவை மாத்திக் குடுத்திருப்பாரே" என்று முணுமுணுத்தார்.

அக்கா எழுந்து வெளியே போய்விட்டாள். வராந்தாவில் நின்றவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தன் உடம்பை அறுத்துக் கொடுத்ததை இவன் ஒரு கோட்டுக்காகத் தொலைத்திருக்கிறான்! அத்தனை நாளும் தன்னை மன்னிப்புக் கேட்க வைத்து வேடிக்கை பார்த்திருக்கிறான்! நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று திரும்பினாள். அப்போதுதான் அந்த நாள் ஞாபகம் வந்தது.

ஆளுயர நிலைக்கண்ணாடி ஒன்று அவன் வெட்டும்போது கோடு விலகி இரண்டாக உடைந்த நாள். கடை நிறைய ஆட்கள். "கிட்னி குடுத்தாச்சு, இனி கையும் நானே குடுக்கணுமாடா?" என்று கேட்டிருந்தாள். எல்லாரும் சிரித்தார்கள். அவனும்தான் சிரித்தான்.

அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. கோபமும் அடங்கவில்லை, அதைக் காட்டவும் முகமில்லை.

உள்ளே போனாள். தம்பியைப் பார்க்காமல் நேரே வாத்தியார் மனைவியிடம் போய், "நான் சொன்னதை மனசுல வச்சுக்காதம்மா. விஷயம் தெரியாம உளறிட்டேன். டாக்டர்கிட்ட கேட்டு முடிவு பண்ணு" என்றாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது பேருந்தில் தம்பிதான் முதலில் வாயைத் திறந்தான்.

"திட்டிடுக்கா. இப்படிச் சும்மா வராத."

"திட்டாம விடுவேனா? ஆனா அந்த மாத்திரையை எப்படா விட்ட? அந்த நிலைக்கண்ணாடி உடைஞ்சப்புறமா?"

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். அவளும் மறுபடி கேட்கவில்லை.

வாத்தியார் மனைவி சிறுநீரகம் கொடுத்தாள். இருவரும் தேறி வீடு திரும்பினார்கள். தம்பியின் பெயர் வேறொரு சிறுநீரகத்துக்காகக் காத்திருப்போர் வரிசையில் இருக்கிறது. அவன் இன்னும் டயாலிசிஸுக்குத்தான் போகிறான், அக்காவும் கூடப் போகிறாள். இப்போதெல்லாம் அவள் மன்னிப்புக் கேட்பதில்லை. அதனால் மனசு லேசாகிவிட்டது என்றும் இல்லை. முன்பு தான் செய்யாத தப்புக்கு வாய்விட்டு அழுதாள். செய்த தப்பை, எல்லார் முன்னாலும் அவன் கையைக் கேலி பண்ணியதை, சொல்லத்தான் அவளுக்கு இன்னும் வாய் வரவில்லை.