அது ஆண் தும்பிதான்

எங்கள் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் ஒரே தம்பிக்கு, ஒருவர் சொன்னதற்கு ஆமாம் போடவே வராது. வெயில் அடிக்கிறதே என்றால், எங்கே அடிக்கிறது என்று கேட்கிற ஆள். ஜப்பான்காரன் பினாங்கைப் பிடித்த பிறகும் அந்தக் குணம் மாறவில்லை. பாவி மனுஷன், அப்போதாவது மாறியிருக்கலாம்.

குவீன் ஸ்ட்ரீட்டில் ஒரு போட்டோக் கடையில் அவருக்குப் படம் கழுவும் வேலை. ஊரே மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிரைப் பிடித்து வைத்திருந்தபோது, ஒரு ஜப்பானிய அதிகாரி மட்டும் தும்பிகளைப் படம் பிடித்துக்கொண்டு திரிந்தான். மாமாவோ சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகாமல் ஜெலுத்தோங் சதுப்பில் தும்பி பிடித்தவர். கழுவ வந்த படங்களைப் பார்த்து, இது இன்ன தும்பி, இது ஆண், இது பெண் என்று அவர் பிரித்துச் சொல்ல, அதிகாரிக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. இவன் என்னுடைய ஆள் என்று ஒரு காகிதம் எழுதி, மாதாமாதம் அதில் சிவப்பு மையில் சாப்பு, அதாவது முத்திரை, குத்திக் கொடுத்தான்.

சயாமில் ரயில் பாதை போட வீதி வீதியாக ஆள் பிடித்த காலம் அது. லாரியில் ஏற்றிப் போனவர்களில் திரும்பி வந்தவர் ஒருவரையும் நாங்கள் பார்க்கவில்லை. அந்தச் சிவப்பு முத்திரைதான் மாமாவுக்கு உயிர். வீட்டுக்கு வந்ததும் அம்மா காகிதத்தை வாங்கி முருகன் படத்தடியில் வைத்துவிடுவாள்.

ஒரு மத்தியானம் மாமாவுக்குக் கிழங்கு கொண்டுபோயிருந்தேன். அதிகாரி இரண்டு சகாக்களோடு வந்தான். எல்லோரும் இடுப்பை வளைத்துக் கும்பிட்டோம். ஒரு படத்தை எடுத்து மேசையில் வைத்து, "பெத்தினா" என்றான். மலாயில் பெண் என்று அர்த்தம். தும்பி மஞ்சளாக இருந்ததைத் தன் கண்ணாலேயே பார்த்தானாம். சிவப்பு ஆண், மஞ்சள் பெண் என்று சகாக்களுக்கு விளக்கம் வேறு.

மாமா குனிந்து பார்த்தார்.

"தீடாக், துவான். ஜந்தான்." இல்லை ஐயா, ஆண்.

அதிகாரி சிரித்துக்கொண்டே மறுபடியும் "பெத்தினா" என்றான். கடை முதலாளி மாமாவின் காலை மிதித்ததை நான் பார்த்தேன். மாமா காலை இழுத்துக்கொண்டார். இளம் ஆணும் மஞ்சளாகத்தான் இருக்கும், பிறகுதான் சிவக்கும் என்று பாதி மலாயிலும் பாதி கையாலும் சொன்னார். வயிற்றுக்கு அடியில், இடுப்புக்குக் கிட்டே இருந்த சின்னப் புடைப்பை நகத்தால் தொட்டுக் காட்டினார். அது ஆணுக்குத்தான் உண்டாம். அதோடு விட்டாரா? பூதக்கண்ணாடியை எடுத்து அதிகாரியின் கையிலேயே கொடுத்தார். சகாக்களில் ஒருவன் களுக்கென்று சிரித்துவிட்டான். அதிகாரி வெகுநேரம் பார்த்தான். பிறகு படங்களையெல்லாம் உறைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

சாயங்காலம் மாமா சொல்லச் சொல்ல அம்மாவுக்கு முகமே வெளுத்துவிட்டது.

"அறையலயாடா? நெசமாவா?"

"தொடக்கூட இல்லக்கா. பாத்தான், வாய மூடிட்டுப் போய்ட்டான் லா!"

அம்மா முருகனுக்கு விளக்கேற்றி, ஒளித்து வைத்திருந்த அரிசியை எடுத்துச் சோறு பொங்கினாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் தீபாவளிதான்.

அடுத்த மாதம் அதிகாரி கடைப்பக்கமே வரவில்லை. வருவான், எங்கே போய்விடுவான் என்று மாமா சொல்லிக்கொண்டே இருந்தார். லாரிதான் வந்தது. அந்த மாதத்து முத்திரை இல்லாத காகிதத்தைப் பார்த்த சிப்பாய் அதைச் சாக்கடையில் எறிந்தானாம். முதலாளி வந்து சொன்னார். அம்மா ஓடிப் போனபோது வீதி காலியாகக் கிடந்தது.

அதற்குப் பிறகு கிழங்கு உரிக்கும்போதெல்லாம் அம்மா தனக்குத்தானே பேசுவாள். "பொட்டைன்னு சொல்லியிருந்தா என்னடா கொறஞ்சு போயிருக்கும்? ஒரு வார்த்தைதானேடா தம்பி..."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. மாமா சொன்னதைத் தப்பு என்கிறாளே! ஒருநாள் பொறுக்கமுடியாமல் சிலேட்டை எடுத்து, அந்தத் தும்பியை வரைந்து, புடைப்பையும் போட்டு அவள் முன்னால் வைத்தேன். "நல்லாப் பாரும்மா. இது இருந்தா ஆண்தான்."

அம்மா சிலேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆமாண்டி," என்றாள். "ஆண்தான். ஒன் மாமா சொன்னதுதான் சரி." கத்தியைக் கீழே போட்டுவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஒருவழியாக அம்மாவுக்குப் புரியவைத்துவிட்டேன் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.