தேய்த்துவிட்ட வௌவால்கள்

சிட்னியில் ஓர் ஏலக் கம்பெனியில் பழைய சீனப் பொருள்களை மதிப்பிடுவது என் வேலையாக இருந்தது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு மூக்குப்பொடி பாட்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கொண்டுவந்தவர் யோகன். நார்த்மீட்டில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர், முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. பாட்டில் உள்ளங்கைக்குள் அடங்கியது. வெள்ளைக் கண்ணாடிமேல் சிவப்புக் கண்ணாடியைப் போர்த்தி, வேண்டாத சிவப்பைச் செதுக்கி எடுத்து, உருவத்தை மட்டும் நிறுத்துகிற வேலை. ஓவர்லே என்போம். லென்ஸில் பார்த்தேன். ஒரு வௌவால் இருந்தது. இன்னும் நான்கு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கீறல்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யாருங்க இதை மெஷின் போட்டுத் தேய்ச்சது? விவரம் கெட்ட வேலையா இருக்கே."

"நான்தான்," என்றார். "இல்லத்தில இருந்த சீனப் பெரியவர் தந்தவர். மனிசிக்கு கான்சர் எண்டு சொன்னனான். தலைமாட்டில வை எண்டார். வீட்டுக்குள்ள வௌவால் கூடாதெண்டு மனிசி பயந்திட்டா. தந்த பொருளை எறியவும் மனமில்லை. கடைசி ஒண்டைத் தேய்க்கேக்க கண்ணாடி வெடிக்கப் பாத்தது. விட்டிட்டு, அந்தப் பக்கத்தைச் சுவரோட திருப்பி வச்சம்."

பிறகு பெரியவர் இறந்துபோக, அவருடைய மகள், யோகனின் மனைவி வதனியைப் பார்க்க வந்திருக்கிறாள். சீனர்களுக்கு வௌவால் நல்ல சகுனம், ஐந்து சேர்ந்தால் ஐந்து பாக்கியம் என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அன்றிலிருந்து வதனி சாப்பிடுவதில்லை. என் பாக்கியத்தை நானே அழித்துவிட்டேன் என்று ஒரே அழுகை. சிகிச்சையை நிறுத்தியாயிற்று, இனி வலிக்கு மட்டும்தான் மருந்து.

"திருப்பி ஒட்டேலுமோ சேர்?"

செதுக்கி எடுத்த கண்ணாடியைத் திருப்பி வைக்க யாராலும் முடியாது. சொன்னேன். அவர் மனைவிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஐயா, மிஞ்சியிருக்கிறது எந்தப் பாக்கியம்?" என்றாள் வதனி.

நீண்ட ஆயுள், செல்வம், உடல்நலம், நல்லொழுக்கம், நிம்மதியான சாவு. ஐந்தும் இவைதான். எந்த வௌவாலுக்கு எது என்று கணக்கெல்லாம் கிடையாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லாதே என்று ஜூனியர்களை வருஷக்கணக்கில் திட்டியவன் நான்.

"வலியில்லாம, நிம்மதியா போறதும்மா," என்றேன்.



"அப்ப அது காணும், எனக்கு அது போதும்," என்றாள். "இஞ்சருங்கோ, அதை வீட்டை கொண்டு வாங்கோ."

யோகன் பாட்டிலைத் துண்டில் சுற்றிக்கொண்டு போனார்.

செதுக்கிய ஓர் உருவத்துக்கு என்ன அர்த்தம் என்று யாராவது கேட்டால், வாயைத் திறக்குமுன் அவர் வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். நான் படித்துக்கொண்டது அதுதான்.

வதனி இறந்த செய்தி வந்தது. எப்படிப் போனாள் என்று யோகனிடம் இன்றுவரை நான் கேட்கவில்லை. பயமாக இருக்கிறது.